பேராதனைத் தாவரவியற் பூங்காவை முறையாகப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கண்டி நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ ஐந்தரை கிலோமீற்றர் தொலைவில், மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்து ஓடும் இடத்தில், 147 ஏக்கர் பரப்பில் பேராதனை அரச தாவரவியற் பூங்கா அமைந்திருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 460 மீற்றர் உயரம், ஆண்டில் ஏறக்குறைய 200 நாள் மழை, ஆற்று வண்டல் படிந்த மண் ஆகிய மூன்றும் சேர்ந்ததால், வெப்ப வலயத்தின் எந்த மூலையிலிருந்து கொண்டுவந்த மரமும் இங்கே பெரும்பாலும் செழித்தே வளர்ந்திருக்கிறது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இங்கு உள்ளன. இருந்தும், இங்கு வருவோரில் பெரும்பாலோர் பனைச்சாலையில் ஒரு படம், ஓர்க்கிட் கூடத்தில் இன்னொரு படம் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் வெளியேறிவிடுகிறார்கள். அரை நாளாவது ஒதுக்கி, ஒவ்வொரு மரத்தின் முன்னும் நின்று பார்க்க விரும்புவோருக்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பேராதனை முதன்மையாக ஒரு மரத்தோட்டம். பூக்களைத் தேடி வருவோருக்கு அது கொடுப்பதைவிட, மரங்களைத் தேடி வருவோருக்குப் பல மடங்கு கொடுக்கும்.

முதலில் நாளையும் நேரத்தையும் தேர்ந்துகொள்ளுங்கள்

கண்டிப் பகுதியில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் மழை கடுமையாக இருக்கும். நடப்பதற்கு வசதியான காலம் முன்னதுதான். ஆனால் ராட்சத மூங்கிலின் புதுக் குருத்துகளைக் காண விரும்புவோர் மழைக்காலத்தில்தான் வர வேண்டும். ஆகவே மழை நாளை வீண் நாள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். குடையும் பிடிப்புள்ள செருப்பும் இருந்தால் போதும். வெசாக் ஓர்க்கிட் எனப்படும், இலங்கைக்கே உரிய ஊதா நிறப் பூவைப் பார்க்கும் ஆவல் உள்ளவர்களுக்கு மே மாதத்தையொட்டிய வாரங்கள் ஏற்றவை.

பூங்கா வழக்கமாகக் காலை 7.30 மணிக்குத் திறந்து மாலை 5 மணி வரை பார்வையாளரை ஏற்கிறது. திறக்கும் நேரத்திலேயே உள்ளே நுழைந்துவிடுவது எல்லா வகையிலும் நன்று. வெயில் ஏறுமுன் திறந்த புல்வெளிகளைச் சுற்றிவிடலாம். பாடசாலைச் சுற்றுலாப் பஸ்கள் வந்து சேர்வதற்குள் பனைச்சாலைகளை ஆரவாரமின்றிப் பார்க்கலாம். போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை தினங்கள், வார இறுதிகள், ஏப்ரல் விடுமுறை, கண்டியின் எசல பெரகரா ஊர்வலத் திருவிழா நடைபெறும் காலம் ஆகியவற்றில் கூட்டம் மிகுதியாக இருக்கும். இயன்றவரை வேலைநாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பயண வழி

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தருகே இருந்து பேராதனை வழியாகச் செல்லும் பஸ்கள் அடிக்கடி புறப்படுகின்றன. பூங்காவின் வாயில் கொழும்பு – கண்டிப் பெருந்தெருவிலேயே இருப்பதால், கேகாலை, கம்பளை, ஹட்டன் செல்லும் பஸ்களிலும் ஏறி வாயிலருகே இறங்கிக்கொள்ளலாம். நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். புகையிரதத்தில் வருவோருக்கு அருகிலுள்ள நிலையம் சரசவி உயன. எனினும் தூரப் பயண வண்டிகள் எல்லாம் அங்கே நிற்பதில்லை என்பதால், பேராதனைச் சந்தி நிலையத்திலோ கண்டியிலோ இறங்கி முச்சக்கர வண்டியில் வருவது எளிது.

யாழ்ப்பாணத்திலிருந்து வருவோர் ஏ-9 வீதியில் நேரே கண்டிக்கு வந்துவிடலாம். மட்டக்களப்பு மாவட்டத்தின் செங்கலடியில் முடியும் ஏ-5 வீதி தொடங்குவதே பேராதனையில்தான். நுவரெலியா, ஹட்டன் பக்கத்திலிருந்து வருவோர் கம்பளை வழியாக இறங்கி வந்தால், வழியில் காணும் தேயிலை மலைகளுக்கும் இந்தப் பூங்காவுக்கும் உள்ள தொடர்பு பின்னர் உள்ளே நன்றாக விளங்கும்.

வாயிலில் செய்ய வேண்டியவை

நுழைவுக் கட்டணம் உள்நாட்டவர், வெளிநாட்டவர், மாணவர், சிறுவர் ஆகியோருக்கு வெவ்வேறாக உள்ளது. உள்நாட்டவர் தேசிய அடையாள அட்டையையும், மாணவர் தமக்குரிய சான்றையும் கையில் வைத்திருப்பது நல்லது. பூங்காவின் வரைபடத்தை இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். பாதைகள் வளைந்து வளைந்து செல்வதால், வரைபடமின்றி நடப்பவர்கள் வந்த இடத்துக்கே திரும்பி வருவது வழக்கம்.

தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். உள்ளே சிற்றுண்டிச்சாலை இருப்பதால் சாப்பாட்டுப் பொதிகளைச் சுமக்கத் தேவையில்லை. அப்படிக் கொண்டுவந்தாலும் பைக்குள் மூடி வைத்திருங்கள், ஏனெனில் குரங்குகள் கையிலிருந்தே பறித்துச் செல்லும். நடக்க இயலாத பெரியவர்கள் உடன் வந்தால் வாடகைச் சிறு வண்டிகள் இருக்கின்றனவா என்று வாயிலிலேயே விசாரியுங்கள். மற்றவர்கள் நடந்தே செல்லுங்கள். வண்டியில் போகிறவர் மர உச்சிகளைக் காண்பார். பட்டையையும் வேரையும் உதிர்ந்த காய்களையும் நடப்பவர்தான் காண்பார்.

நடப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய சிறு வரலாறு

1371இல் மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் அரசேறியபோது மகாவலிக் கரையில் இவ்விடத்தில் அரசவை நடத்தினான் என்பது மரபு. பின்னர் கீர்த்தி சிறி இராஜசிங்கன், இராஜாதி இராஜசிங்கன் ஆகியோர் காலத்திலும் இது அரச நிலமாக இருந்தது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குச் சென்ற பின்னர், 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவர் இங்கே தாவரத் தோட்டத்துக்கு அடித்தளமிட்டார். 1824இல் இலங்கைத் தாவரங்களைச் சிங்களப் பெயர்களோடு பட்டியலிட்டு வெளியிட்டவரும் அவரே. 1843இல் முறையான பூங்காவாக அமைக்கப்பட்ட பின், ஜோர்ஜ் கார்ட்னர், அவருக்குப் பின் 1849 முதல் துவெயிட்ஸ், அவரையடுத்து ஹென்றி டிரைமன் என்று தாவரவியல் அறிஞர்கள் இதனை வழிநடத்தினர்.

இந்தப் பெயர்களைவிட முக்கியமானது, அவர்கள் எதற்காக உழைத்தார்கள் என்பது. அழகுக்காக மட்டும் இந்தத் தோட்டம் உருவாகவில்லை. எந்தப் பயிர் இத்தீவில் வளர்ந்து பணம் தரும் என்று சோதித்துப் பார்க்கும் களமாகவே பேராதனை இருந்தது. 1839இல் அசாம் தேயிலை விதைகள் கல்கத்தாவிலிருந்து இங்கே வந்தன. அப்போது மலைநாட்டில் கோப்பிதான் அரசன். 1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துகளாகத் தோன்றிய பூஞ்சண நோயின் மாதிரிகளை இங்கிலாந்துக்கு ஆய்வுக்கு அனுப்பி வைத்தவர் துவெயிட்ஸ். அந்த நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்களைப் பெரும்பாலும் அழித்து, அவற்றின் இடத்தில் கொயினா மருந்து தரும் சிங்கோனா மரமும், பிறகு நிலையாகத் தேயிலையும் வர வழி செய்தது. தமிழகத்திலிருந்து கோப்பிக்காக அழைத்து வரப்பட்ட மக்களின் வாழ்வும் அவர்களின் வழித்தோன்றல்களான மலையகத் தமிழரின் வாழ்வும் இந்தப் பயிர் மாற்றத்தோடு பின்னிப் பிணைந்தவை. இதை மனத்தில் இருத்திக்கொண்டு நடந்தால், பெயர்ப்பலகையில் ‘பிறப்பிடம்: பிரேசில்’ என்றோ ‘பிறப்பிடம்: சீனா’ என்றோ எழுதியிருப்பது வெறும் தகவலாகத் தோன்றாது.

வாசனைத் திரவியத் தோட்டத்தில் தொடங்குங்கள்

நம் அடுக்களை டப்பாக்களில் உலர்ந்து கிடக்கும் பொருள்களை உயிருள்ள மரமாகப் பார்க்கும் இடம் இது. கறுவா இலங்கையின் சொந்த மரம். அதன் இளந்தளிர் செந்நிறமாகத் துளிர்த்துப் பின்னரே பச்சையாகும். கராம்பு என்பது விரியாத பூமொட்டு. மரத்தில் மொட்டுக்கொத்து இருக்கும் காலமாயின், காய்ந்த கராம்பின் வடிவம் அப்படியே பச்சையில் தெரியும்.

இங்கே அதிக நேரம் நிற்க வேண்டியது சாதிக்காய் மரத்தடியில். முற்றிய பழம் மரத்திலேயே இரண்டாகப் பிளந்து நிற்கும். மஞ்சள் கலந்த வெளிர்த் தோலுக்குள், பளபளக்கும் கரும்பழுப்பு விதையைச் சுற்றி, கைவிரல்கள் பற்றிக்கொண்டது போல இரத்தச் சிவப்பில் ஒரு மெல்லிய உறை இருக்கும். அந்த உறைதான் சாதிபத்திரி. உலரும்போது சிவப்பு மங்கி மஞ்சளாகும். விதைக்குள் இருப்பது சாதிக்காய். ஒரே பழத்துக்குள் இரண்டு வாசனைப் பொருள்கள். மரத்திலிருந்து பறிக்கக் கூடாது. தரையில் விழுந்த பழம் ஒன்று பெரும்பாலும் கிடைக்கும், அதைக் குனிந்து பார்த்தாலே போதும்.

பனைச்சாலைகள்: அவசரப்படாதீர்கள்

பேராதனையின் புகழுக்குப் பெரிய காரணம் இச்சாலைகள். அரசப் பனைகள் சாம்பல் நிறச் சீமெந்துத் தூண்களை நட்டது போல இருபுறமும் நிற்கும் சாலையில்தான் எல்லாரும் படமெடுப்பார்கள். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தமிழ் வாசகர் அவசியம் நிற்க வேண்டிய இடங்கள் வேறு இரண்டு.

ஒன்று, 19ஆம் நூற்றாண்டில் நடப்பட்ட நம் பனைமரங்களின் சாலை. வடக்கின் வறண்ட மணலில் வளரும் கற்பகதரு, ஈரமான மலைச்சாரலில் வரிசையாக நிற்பதைப் பார்ப்பது யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு தனி உணர்வு. இரண்டாவது, சீஷெல்ஸ் தீவுகளின் இரட்டைத் தேங்காய் மரங்கள் நிற்கும் சாலை. இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். ஏனெனில் தாவரவியல் வகைப்பாட்டில் இரண்டும் நெருங்கிய உறவினர். இரண்டிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இரண்டின் ஓலையும் விசிறி போல விரிந்து, நடுவில் மடிப்பு மடிப்பாக இறங்கும். ஆண் பனை, பெண் பனை என்று பிரித்தறியத் தெரிந்தவர், சிறிது முயன்றால் சீஷெல்ஸ் மரத்திலும் அதைப் பிரித்தறிவார்: ஆண் மரத்தில் கைத்தடியளவு நீண்ட பழுப்புப் பூந்தண்டு தொங்கும், பெண் மரத்தில் காய்கள் இருக்கும்.

அந்தக் காய்தான் வியப்பு. உலகத் தாவரங்கள் அனைத்திலும் மிகப் பெரிய விதை இதனுடையது. ஒரு காய் முற்ற ஆறு, ஏழு ஆண்டுகள் ஆகும்; 20 கிலோகிராமைத் தாண்டுவதும் உண்டு. இயற்கையில் இது பிரஸ்லின், கியூரியஸ் என்னும் இரு சிறு தீவுகளில் மட்டுமே வளர்கிறது. அந்தத் தீவுகள் வெளியுலகுக்குத் தெரியாத காலத்தில், கடலில் மிதந்து மாலைதீவுக் கரைகளில் ஒதுங்கிய வெற்று ஓடுகளைக் கண்டவர்கள், கடலுக்கடியில் வளரும் மரத்தின் காய் என்று நம்பினார்கள். பேராதனையில் அதைத் தலைக்கு மேலே, கொத்தாகத் தொங்கும் நிலையில் காணலாம். காய்க்கும் மரத்தின் நேர் கீழே நிற்க வேண்டாம்.

தாளிப்பனையையும் தேடிப் பாருங்கள். பழைய ஏட்டுச் சுவடிகளுக்கு ஓலை தந்த மரம் இது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு முறை உச்சியில் பெரும் பூங்கொத்தை விரித்து, காய்த்து முடித்ததும் பட்டுப்போகும். நீங்கள் செல்லும் நாளில் ஒரு தாளிப்பனை பூத்திருந்தால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதையே பாருங்கள்.

பெரும்புல்வெளியும் நினைவு மரங்களும்

பூங்காவின் நடுவிலுள்ள பெரும்புல்வெளியில் ஜாவா அத்தி மரம் ஒன்று நிற்கிறது. தூரத்திலிருந்து ஒரு சிறு குன்று போலத் தெரியும் அதன் கிளைப்பரப்பு ஏறத்தாழ 2,500 சதுர மீற்றரை மூடியிருப்பதாகக் கூறுவர். முதலில் வெளியே நின்று முழு வடிவத்தையும் பாருங்கள். பின்னர் கிட்டச் சென்று, தரைக்குச் சமாந்தரமாக நீளும் கிளைகள் எவ்வளவு தூரம் தாங்குதலின்றிச் செல்கின்றன என்று கவனியுங்கள். கிளைகளில் ஏறவோ ஊஞ்சலாடவோ குழந்தைகளை விடாதீர்கள். எத்தனையோ தலைமுறைகள் வளர்ந்த கிளை ஒரு நொடியில் முறியக்கூடும்.

அருகே, நாட்டுக்கு வந்த விருந்தினர் நட்ட மரங்கள் பலகைகளோடு நிற்கின்றன. 1891இல் உருசிய இளவரசராக வந்த இரண்டாம் நிக்கலஸ் நட்ட நாகமரம், 1901இல் பின்னாளைய ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் மேரி அரசியும் நட்ட நாகலிங்க மரம் ஆகியவை முக்கியமானவை. பெயர்களைவிட நாகலிங்கப் பூவுக்கே நான் அதிக நேரம் கொடுப்பேன். சிவன் கோயில்களில் பூவை மட்டும் பார்த்திருப்போர் பலர். அது தென்னமெரிக்க மரம் என்பதும், பூக்கள் கிளை நுனியில் அல்லாது அடிமரத்திலிருந்தே தொங்கும் தண்டுகளில் மலர்கின்றன என்பதும் நேரில் பார்க்கையில்தான் மனத்தில் பதியும். உதிர்ந்த புதுப்பூ ஒன்றை எடுத்து உற்றுப் பாருங்கள். நடுவே வட்டமாக நெருங்கி நிற்கும் சிறு கேசரங்கள் ஒருவகை. அவற்றின் மேல் பாம்பு படம் எடுத்தாற்போல் வளைந்து கவிந்திருக்கும் கேசரங்கள் இன்னொரு வகை. தேனின்றி மகரந்தத்தை மட்டுமே தரும் இப்பூவில், வண்டுக்கு உணவாகும் மகரந்தமும் இனப்பெருக்கத்துக்கான மகரந்தமும் இவ்வாறு தனித்தனி இடத்தில் அமைந்துள்ளன. மணம் இனிமையானது, ஆனால் பீரங்கிக் குண்டளவு காய் விழுந்து உடைந்தால் வரும் நாற்றம் அதற்கு நேர்மாறானது.

இரண்டாம் உலகப் போரில், 1944இல், மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து இங்கே மாற்றி, இந்த மரங்களிடையே அலுவலகம் நடத்தினார் என்பதையும் நடக்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

வளைந்து நெளிந்து நிற்கும் குக் பைன் மரங்களின் வரிசையையும் தவறவிடாதீர்கள். நியூ கலிடோனியாவைச் சேர்ந்த இந்த இனம், உலகில் எங்கே நட்டாலும் நிலநடுக்கோட்டை நோக்கிச் சாய்வதாக ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள்.

ஆற்றங்கரையும் மூங்கிலும்

வெயில் ஏறிய பிறகு ஆற்றோரப் பாதைக்குச் செல்லுங்கள். ராட்சத மூங்கில் புதர்கள் இங்கேதான். ஒவ்வொரு கழியும் மனிதத் தொடையினும் பருத்து, முப்பது மீற்றருக்கு மேல் உயரும். மழைக்காலக் குருத்து ஒரு நாளில் ஓர் அடி வரை வளரக்கூடும். குருத்தை மூடியிருக்கும் பழுப்பு உறையில் நுண்மயிர்கள் உண்டு, தொட்டால் அரிக்கும். இங்கே மனத்தை வருத்தும் காட்சி, கழிகளில் பேனாக்கத்தியால் கீறப்பட்ட பெயர்கள். மூங்கிலின் கழி முளைத்தபோதிருந்த பருமனோடேயே கடைசிவரை நிற்கும். மரப்பட்டை போல் புதிதாக வளர்ந்து காயத்தை மூடாது. ஒருவர் கீறிய எழுத்து அந்தக் கழி சாகும்வரை அப்படியே இருக்கும். உடன் வரும் இளையோருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மகாவலியின் மேலுள்ள தொங்குபாலம் ஆடும். அங்கே எழுதியுள்ள அறிவுறுத்தலின்படி சிலர் சிலராகவே ஏற வேண்டும். மரங்களில் தலைகீழாகத் தொங்கும் நூற்றுக்கணக்கான பழந்தின்னி வௌவால்களையும் பகலில் பார்க்கலாம். சிறகை விரித்தால் ஒரு மீற்றருக்கு மேல் அகலம். கைதட்டியோ கல்லெறிந்தோ அவற்றைக் கிளப்பிவிடுவது சிலருக்குப் பொழுதுபோக்காக இருக்கிறது, அது கொடுமை. பகலுறக்கம் கெட்ட வௌவால் இரவில் இரை தேடும் வலுவை இழக்கிறது.

நண்பகலுக்கு: ஓர்க்கிட் கூடம்

நிழலுள்ள இந்தப் பகுதியை உச்சி வெயிலுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர்க்கிட் கூடத்தில் பெரிய வண்ணப் பூக்களில் பெரும்பாலானவை கலப்பினங்கள். அவை எந்த மலர்க்கடையிலும் கிடைக்கும். இலங்கைக் காட்டு ஓர்க்கிட்கள் சிறியவை, சில விரல்நகத்தைவிடச் சிறியவை. அவற்றைத் தேடிப் பார்ப்பதே இங்கு வந்ததன் பயன்.

பெயர்ப்பலகையை வாசிக்கும் முறை

பலகையில் இலத்தீன் பெயர் இரு சொற்களாக இருக்கும்: முதலாவது பேரினம், இரண்டாவது இனம். அதன் பின் வருவது பெயரிட்டவரின் பெயர் அல்லது சுருக்கம். அவ்விடத்தில் மூன், துவெயிட்ஸ், டிரைமன் என்ற பெயர்களைக் கண்டால், இந்தப் பூங்காவில் வேலை செய்தவரே அந்த மரத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தினார் என்று பொருள். கீழே குடும்பமும் பிறப்பிடமும் இருக்கும். இலங்கைக்கு மட்டுமே உரியது என்ற குறிப்புள்ள மரங்களைத் தனியாக எழுதி வையுங்கள். மாணவர்களை அழைத்து வரும் ஆசிரியர்கள் நூறு மரங்களைக் காட்டி முடிக்க முயல வேண்டாம். ஆளுக்கு ஐந்து மரங்களைக் கொடுத்து, இலை, பட்டை, பூ, காய், பிறப்பிடம் ஆகியவற்றை வரைந்து எழுதச் சொன்னால், அந்த ஐந்தும் ஆயுளுக்கும் நினைவில் நிற்கும்.

இன்னொரு நாள் கிடைத்தால்

பேராதனையில் கண்டதன் தொடர்ச்சி வேறு இரண்டு பூங்காக்களில் இருக்கிறது. நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஹக்கல, 1861இல் கொயினா மருந்து தரும் சிங்கோனாவை வளர்க்க அமைக்கப்பட்டது. குளிர்நாட்டுத் தாவரங்களுக்கு அதுவே இடம். கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட, இறப்பரின் கதை தொடங்கிய இடம். 1876இல் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகள் லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு வரப்பட்டு, முளைத்த சில ஆயிரங்களில் சுமார் 1,900 நாற்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பேராதனையைவிட வெப்பமான தாழ்நிலம் அவற்றுக்கு ஏற்றதென்று கருதி ஹெனரத்கொடவில் நட்டார்கள். கொழும்புக்குத் திரும்புவோர் வழியில் கம்பஹாவில் இறங்கி, அரை நாளில் அதையும் பார்த்துவிடலாம்.